சின்ன ஊர் உணவகத்துக்கு இத்தாலிக்காரர் எதற்காக ஒயின் ஒதுக்குவார்?

கேட்கப்பட்டது இது: "கொலராடோ மலைப்பக்கம் 30,000 பேர் வசிக்கும் ஊரில் நண்பரோடு சேர்ந்து 50 இருக்கை உள்ள இத்தாலிய உணவகம் தொடங்குகிறேன். நல்ல இத்தாலிய ஒயின்காரர்களிடம் நேரடியாக வாங்க முடியுமா? நியூயார்க், சிகாகோ உணவகங்களே வரிசையில் நிற்கும்போது எங்களை யார் மதிப்பார்கள்? உறவை எங்கிருந்து தொடங்குவது?"

முதல் கேள்விக்குப் பதில் சின்னது: முடியாது. அமெரிக்காவில் 1933 டிசம்பரில் மதுவிலக்கை எடுத்தபோது, தயாரிப்பவரும் கடைக்காரரும் நேராகக் கை கோக்கக் கூடாது என்று நடுவில் ஆள் வைத்துவிட்டார்கள். அந்த ஏற்பாடு இன்றுவரை நீடிக்கிறது. இத்தாலியில் ஒயின் செய்பவரிடமிருந்து, மத்திய அரசின் அனுமதி பெற்ற இறக்குமதியாளர் வாங்குவார். அவரிடமிருந்து உங்கள் மாநில லைசென்ஸ் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் வாங்குவார். அவரிடமிருந்துதான் நீங்கள் வாங்கலாம். இறக்குமதியும் வினியோகமும் ஒரே கம்பெனி செய்வதுண்டு, ஆனால் உணவகம் அந்தப் படிகளைத் தாண்டிக் குதிக்க முடியாது. பென்சில்வேனியா, யூட்டா போன்ற மாநிலங்களில் நம்ம ஊர் டாஸ்மாக் கதைதான், மொத்த வியாபாரியே அரசாங்கம். கொலராடோவில் அந்தத் தலைவலி இல்லை. தனியார் டிஸ்ட்ரிபியூட்டர்கள், அதிலும் இத்தாலிய ஒயினில் ருசி உள்ள சின்னக் கம்பெனிகள், மாநிலத் தலைநகர் டென்வரில் இருக்கிறார்கள்.

இது தெரியாமல் நிறையப் பேர் முதல் வேலையாகத் தயாரிப்பாளருக்கே மெயில் போடுகிறார்கள்: "எங்களுக்கு உங்கள் பரோலோ வேண்டும், விலைப்பட்டியல் அனுப்புங்கள்." அவர் என்ன செய்வார்? அந்த மெயிலை அப்படியே தன் அமெரிக்க இறக்குமதியாளருக்குத் தள்ளிவிடுவார். இறக்குமதியாளர் உங்கள் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்புவார். கடைசியில் அது வந்து சேருவது உங்கள் உணவகத்துக்கு வாராவாரம் வரும் விற்பனைப் பிரதிநிதியிடம். அவர் தலைக்கு மேலே நீங்கள் பேசியதாக அவருக்குத் தெரிந்துபோகும். நல்ல ஆரம்பம் இல்லை.

பதிலாக இப்படிச் செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டிலைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் பாருங்கள். இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் லேபிளில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, கொலராடோவில் அவர்கள் சரக்கை யார் கொண்டுவருகிறார்கள் என்று விசாரியுங்கள். பிடித்த பத்துப் பாட்டிலுக்கு இப்படிப் பார்த்தால் இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். உங்கள் நாக்கு எந்த இறக்குமதியாளரின் நாக்கோடு ஒத்துப்போகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். உங்கள் முதல் உறவு அவர்களோடுதான்.

இனி இரண்டாவது கேள்வி, உங்களை எதற்காக மதிப்பார்கள் என்பது. இதற்குத் தயாரிப்பாளரின் கல்லாப்பெட்டி எப்படி நிறைகிறது என்று பார்க்க வேண்டும். அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

வடமேற்கு இத்தாலியின் பியெட்மாண்ட்டில், ஆல்பா ஊரைச் சுற்றியுள்ள லாங்கே குன்றுகளில், ஆறேழு ஹெக்டேர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்குப் பெயர் வாங்கித் தருவது நெபியோலோ திராட்சையில் செய்யும் பரோலோ என்ற சிவப்பு ஒயின். ஆனால் பரோலோ காசாக மாற நாளாகும். விதிப்படி குறைந்தது 38 மாதம் வைத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். 2022-ல் பறித்த திராட்சை 2026 ஜனவரிக்கு முன்னால் பரோலோ என்ற பெயரில் வெளியே வர முடியாது. அதுவரை டிராக்டருக்கு டீசல், கவாத்து செய்பவருக்குக் கூலி, பாட்டில், கார்க், வங்கி வட்டி, எல்லாம் எதிலிருந்து வரும்? அடுத்த ஆண்டே பாட்டிலில் அடைத்து விற்றுவிடக்கூடிய டொல்செட்டோ, பார்பெரா ஆகிய அன்றாடச் சிவப்பு ஒயின்களிலிருந்து. வீட்டுச் செலவை ஓட்டுவது இந்த இரண்டும்தான்.

இப்போது உலகம் பூராவும் அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் கேட்பது எதை? பரோலோவை. டொல்செட்டோ தேடி வருகிறவர் குறைவு. அதனால்தான் லாங்கேயில் டொல்செட்டோ கொடிகளைப் பிடுங்கிவிட்டு நெபியோலோ நடுகிறார்கள். நெபியோலோவுக்கு ஆகாத சரிவுகளில் ஹேசல்நட் மரம் வைக்கிறார்கள். நூட்டெல்லா செய்யும் ஃபெரேரோ கம்பெனியின் பிறந்த ஊர் ஆல்பாதான், கொட்டைக்குக் கிராக்கி குறையப்போவதில்லை. ஆக அந்தக் குடும்பத்துக்கு நல்ல ஆண்டின் பரோலோவை வாங்க ஆள் பஞ்சமே இல்லை. சாதாரண ஒயினை, சாதாரண ஆண்டிலும், ஆண்டுதோறும் வாங்கும் ஆளுக்குத்தான் பஞ்சம். சின்ன ஊர் உணவகம் நுழையக்கூடிய வாசல் அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். கிளாஸ் கணக்கில் விற்கும் பட்டியலில் அந்த டொல்செட்டோவை வைத்து, ஓர் இரவுக்கு 20 கிளாஸ் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 இருக்கைக்கு அது பெரிய விஷயமில்லை. நாளுக்கு நான்கு பாட்டில். வருஷத்தில் 250 நாள் கடை திறந்தால் 1,000 பாட்டில், 12 பாட்டில் பெட்டியாக 83 பெட்டி. ஒரு ஹெக்டேர் டொல்செட்டோவில் ஏறத்தாழ 8,000 பாட்டில் வரும். அந்த வீட்டில் டொல்செட்டோவுக்கு ஒரு ஹெக்டேர்தான் இருக்கிறது என்றால், அதில் எட்டில் ஒரு பங்கை எங்கோ ராக்கி மலையடிவாரத்தில் இருக்கும் உங்கள் கடை குடித்துத் தீர்க்கிறது! மன்ஹாட்டனில் 2,000 ஒயின் பட்டியலிட்டிருக்கும் பெரிய உணவகம் அவரிடம் ஆறு பாட்டில் பரோலோ வாங்கும், ஒரு பக்கத்தின் மூலையில் பெயர் போடும். யாரை அவர் ஞாபகம் வைத்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொரு சங்கதியும் உண்டு. எளிதில் கிடைக்காத ஒயின்களைக் கடைக்காரர்களும் தனியாரும் வாங்கி ஏலத்துக்கு அனுப்பி இரட்டிப்பு விலைக்கு விற்பது தயாரிப்பாளர்களுக்குக் கடுப்பேற்றும் வேலை. உணவகத்துக்குப் போகும் பாட்டில் அங்கேயே திறக்கப்படுகிறது, சாப்பாட்டோடு குடிக்கப்படுகிறது. அரிதான சரக்கில் உணவகத்துக்கு முதல் பங்கு என்று பல இறக்குமதியாளர்கள் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இறக்குமதியாளர் மாநிலவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் ஒதுக்கீட்டிலும் சின்ன ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. நியூயார்க்குக்கு 40 பெட்டி வந்தால் கேட்க நூறு பேர். கொலராடோவுக்கு நான்கே பெட்டி வந்தாலும், அதை நிஜமாகவே விற்கத் தெரிந்த உணவகங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

உங்கள் மாநிலத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. போல்டர் நகரம், மக்கள்தொகை ஒரு லட்சத்தை ஒட்டி. 1967 வரை அந்த ஊருக்குள் மது விற்கவே அனுமதி இல்லை. அங்கே 2004-ல் பாபி ஸ்டக்கியும் சமையற்கலைஞர் லாக்லன் மக்கினன்-பாட்டர்சனும் ஃப்ராஸ்கா என்ற உணவகத்தைத் திறந்தார்கள். இருவரும் கலிஃபோர்னியாவின் பேர்பெற்ற ஃப்ரெஞ்ச் லாண்டிரி உணவகத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். டஸ்கனி, பியெட்மாண்ட் என்று எல்லோருக்கும் தெரிந்த பக்கம் போகாமல், இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஆஸ்திரியாவையும் ஸ்லோவேனியாவையும் ஒட்டிய ஃப்ரியூலி பகுதியை எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அமெரிக்காவில் ஃப்ரியூலி என்றால் சான் டானியெலே ஹாமும் பினோ கிரிஜோவும் தவிர வேறெதுவும் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஃப்ரியூலியில் பண்ணை வீட்டுக்காரர் தன் ஒயினை வீட்டிலேயே விற்கும்போது வாசலில் ஒரு மரக்கிளையைக் கட்டித் தொங்கவிடுவார். அந்த மாதிரி இடங்களின் பெயரைத்தான் கடைக்கு வைத்தார்கள்.

ஒரே பகுதியைப் பிடித்துக்கொண்டதுதான் அவர்கள் செய்ததில் ஆகப் புத்திசாலித்தனமான காரியம் என்பேன். கோல்லியோ, கோல்லி ஒரியென்தாலி, இஸோன்ட்ஸோ, கார்ஸோ என்று ஃப்ரியூலியின் முக்கியமான ஒயின் வட்டாரங்களைக் காரில் ஒரு நாளில் சுற்றிவிடலாம். தோட்டக்காரர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் சொந்தம், அல்லது பங்காளிச் சண்டை. "அமெரிக்காவில் மலைப்பக்கம் ஒரு கடை, நம் ஃப்ரீகோவைச் செய்கிறார்களாம், நம் ஒயினைப் பட்டியலின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறார்களாம்" என்ற செய்தி அங்கே பரவ ஒரு அறுவடைக்காலம் போதும். ஃப்ரீகோ என்பது மொன்தாஸியோ பாலாடைக்கட்டியை உருளைக்கிழங்கோடு மொறுமொறுவென்று வாட்டுவது. அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் அந்த ஊர் வெள்ளை ஒயினான ஃப்ரியூலானோவை ஒரு கிளாஸ் வைத்தால் விற்பவர் வாயைத் திறக்கவே வேண்டாம்.

ஊழியர்களையும் ஃப்ரியூலிக்குக் கூட்டிக்கொண்டு போவதை ஃப்ராஸ்கா வழக்கமாக வைத்துக்கொண்டது. திங்கட்கிழமை இரவுகளை ஒயின் விருந்துக்கு ஒதுக்கியது. எந்த ஊரிலும் திங்கட்கிழமை வியாபாரம் மந்தம்தான். அந்த இரவை ஒரு தயாரிப்பாளருக்கோ ஒரு வட்டாரத்துக்கோ கொடுத்துவிட்டால் காலி மேசையும் நிரம்பும், பயணத்தில் இருக்கும் ஒயின்காரர் டென்வரோடு நிற்காமல் போல்டருக்கும் வருவார். 2013-ல் சிறந்த ஒயின் பட்டியல், ஏற்பாட்டுக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது (அமெரிக்க உணவகங்களுக்கான பெரிய விருது), 2023-ல் மிஷலின் உணவக வழிகாட்டி கொலராடோவுக்குள் முதன்முறை வந்தபோது ஒரு நட்சத்திரம். ஸ்கார்பெத்தா என்ற பெயரில் ஃப்ரியூலியில் சொந்த ஒயினே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கடைசிக் காரியத்தை மட்டும் நீங்கள் இப்போதைக்குக் காப்பியடிக்க வேண்டாம். அது வேறு லைசென்ஸ், வேறு முதலீடு.

"அவர்களிடம் பணமும் பெயரும் இருந்தது" என்பீர்கள். பெயர் கொஞ்சம் இருந்தது, உண்மை. ஆனால் ஃப்ரியூலியின் குன்றுகளில் கலிஃபோர்னியா உணவகப் பெயருக்கு மதிப்பு குறைவு. இருபது வருஷம் விடாமல் போய்வந்ததற்குத்தான் மதிப்பு.

போய்வருவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சின்னக் கடைக்கு இதில்தான் பணமும் நேரமும் வீணாகும்.

வெரோனாவில் ஏப்ரல் மாதம் நடக்கும் வினிதாலி சந்தைக்குப் போனால் எல்லோரையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். 1967-லிருந்து நடக்கும் பெரிய சந்தை. உண்மையில் எல்லோரும் அங்கே இருப்பார்கள், ஆனால் யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருவர் கிளாஸை நீட்டுவார். அங்கே போவது, ஏற்கெனவே தெரிந்தவருக்கு முகத்தைக் காட்டவும் புதிதாக இரண்டு மூன்று பெயர் பிடிக்கவும் சரி. உறவு உண்டாகும் இடம் அதுவல்ல. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள், இல்லாவிட்டால் நவம்பரில், தோட்டத்துக்கே போங்கள். குளிர்காலத்தில் கவாத்து வேலை நடக்கும், மழை பெய்தால் அவர்கள் நிலவறையில்தான் இருப்பார்கள், பேச மனசும் இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. அப்போது போய் நின்றால் பிரசவ அறைக்குள் விருந்தாளியாக நுழைந்த மாதிரி. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரங்களில் இத்தாலியே கதவைச் சாத்திக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடும்.

நேரத்தை இறக்குமதியாளர் மூலமே கேட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வீடு, அதற்கு மேல் வேண்டாம். காலையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. ஆறு வீடு என்று திட்டம் போட்டு வருகிற அமெரிக்கர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். கோல்லியோவில் பத்தரைக்குப் போனால், பேச்சு கொடியில் ஆரம்பித்து, பீப்பாயில் தொடர்ந்து, ஒரு மணிக்குச் சமையலறை மேசையில் வந்து நிற்கும். அங்கே எழுந்து "அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது" என்று சொன்னால் போனது வீண். உண்மையான பேச்சே தட்டு வைத்த பிறகுதான்: மகன் தோட்டத்துக்கு வருவானா, போன வருஷம் ஆலங்கட்டி எந்தப் பக்கம் விழுந்தது, ஜெர்மனியில் வாங்கிக்கொண்டிருந்தவர் எதற்காக நிறுத்தினார்.

நிலவறையில் துப்புவதற்குக் கூச்சப்பட வேண்டாம், அது தொழில். மிக உயர்ந்த ஒயினை முதலில் கேட்காதீர்கள். அவரே கடைசியில் எடுப்பார். டொல்செட்டோவையோ ஃப்ரியூலானோவையோ கிளாஸில் ஊற்றும்போது நின்று நிதானமாகக் குடித்து அதைப் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தத் துண்டு நிலம், எப்போது பாட்டிலில் அடைத்தார், போன ஆண்டைவிட ஏன் வேறாக இருக்கிறது. தள்ளுபடி பேசுவது அங்கே வேண்டாம். அது இறக்குமதியாளர் வேலை. கையோடு கொண்டு போக வேண்டிய ஒரே பொருள், உங்கள் கடையின் அச்சிட்ட மெனு. அவர் ஒயினின் பெயர் எந்தச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில், என்ன விலையில் இருக்கிறது என்று காட்டுங்கள். அந்தத் தாளை அவர் மனைவியையோ அம்மாவையோ கூப்பிட்டுக் காட்டுவார். அடுத்த முறை போகும்போது அது அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

பயணச் செலவை யார் தருவது என்பதில் ஒரு எச்சரிக்கை. ஒயின் விற்பவர் உணவகத்துக்குப் பணமோ வேறு ஆதாயமோ கொடுத்துப் பட்டியலில் இடம் பிடிப்பதை அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. 30 நாளுக்கு மேல் கடன் கொடுப்பதே இந்தக் கணக்கில் வரும். ஆகையால் "டிக்கெட் நாங்கள் போடுகிறோம்" என்று யாராவது சொன்னால், ஏற்கும் முன் மதுச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி கெட்ட காலத்துக்கு வருவோம். உறவு சோதிக்கப்படுவது விளைச்சல் கெட்ட ஆண்டில். 2002-ல் பரோலோ பகுதியில் கோடை முழுக்க மழை, செப்டம்பர் தொடக்கத்தில் ஆலங்கட்டி. பலர் பரோலோவே செய்யவில்லை, திராட்சையைக் கீழ்நிலை ஒயினுக்குத் தள்ளினார்கள். பத்திரிகைகள் அந்த ஆண்டையே ஒதுக்கிவிட்டன. அதே ஆண்டில் ஜாகோமோ கொன்தெர்னோ என்ற பரோலோ தயாரிப்பாளரின் நிலவறையில் அவர்களுடைய உச்ச பரோலோவான மோன்ஃபோர்த்தினோ செய்தார்கள். பின்னாளில் அதைத் தேடி அலைந்தவர்கள் ஏராளம். அதிர்ஷ்டசாலி ஒயின்களை விடுங்கள். சாதாரணத் தோட்டக்காரருக்கு அப்படிப்பட்ட ஆண்டில் வேண்டியது, "இந்த முறையும் அதே அளவு அனுப்புங்கள்" என்ற ஒரு வரி. மழை ஆண்டு ஒயின் மெலிதாக, சீக்கிரமே குடிக்கிற பதத்தில் இருக்கும். கிளாஸ் கணக்கில் ஊற்ற அதுதான் தோது. கடையில் அதைச் சரியாக வைத்து விற்கத் தெரிந்தவருக்கு இது தியாகமே இல்லை. ஆனால் அடுத்து வரும் அருமையான ஆண்டில் ஒதுக்கீட்டுத் தாளில் உங்கள் பெயருக்கு நேராக இருக்கும் எண் மாறியிருக்கும்.

தயாரிப்பாளரே பாதையை மாற்றும்போதும் இதே சோதனை வரும். கோல்லியோவின் ஓஸ்லாவியாவில் யோஷ்கோ கிராவ்னர் என்பவர் இத்தாலியின் முதல்தர வெள்ளை ஒயின்காரர் என்று பேர் வாங்கியவர். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பாணியை உதறிவிட்டு, வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறவைத்து ஆம்பர் நிறத்தில் ஒயின் செய்யத் தொடங்கினார். 2001 விளைச்சலிலிருந்து ஜார்ஜியா நாட்டு மண்தாழிகளை நிலத்தில் புதைத்து அவற்றில் நொதிக்க வைத்தார். பழைய வாடிக்கையாளர்களில் பலர் கைவிட்டுப் போனார்கள். இந்த மாதிரி ஒயின் கடை அலமாரியில் நின்றால் தானாக விற்காது. "வெள்ளை கேட்டேன், தேநீர் நிறத்தில் ஏதோ வந்திருக்கிறதே" என்று கேட்கும் விருந்தினருக்கு மேசைப் பக்கத்தில் நின்று ஒருவர் சொல்ல வேண்டும்: அதிகம் குளிரவைக்கக் கூடாது, பெரிய கிளாஸ் வேண்டும், பன்றி இறைச்சியோடு சாப்பிட்டுப் பாருங்கள். சொல்வதற்கு ஆள் வைத்திருக்கும் கடை என்ற தகுதி உங்களுக்கு இருக்கிறது, சூப்பர்மார்க்கெட்டுக்கு இல்லை.

சுங்க வரி என்பது புதிய வகைக் கெட்ட காலம். 2019 அக்டோபரில் ஐரோப்பிய விமானக் கம்பெனி ஏர்பஸ்ஸின் மானியத் தகராறில் பிரெஞ்சு, ஸ்பானிய, ஜெர்மன் ஒயின்களுக்கு 25 சதவீதம் போட்டபோது இத்தாலிய ஒயின் தப்பித்தது. 2025-ல் தப்பிக்கவில்லை. ஏப்ரலில் 10, ஆகஸ்டில் 15 சதவீதம் என்று ஐரோப்பிய ஒயின் எல்லாவற்றுக்கும் ஏறியது. அந்தச் சுமையைத் தயாரிப்பாளர் கொஞ்சம், இறக்குமதியாளர் கொஞ்சம், டிஸ்ட்ரிபியூட்டர் கொஞ்சம் என்று பங்கு போட்டுக்கொள்ளும் பேச்சு இப்படிப்பட்ட நேரத்தில் நடக்கும். மெனுவில் கிளாஸுக்கு ஒரு டாலர் ஏற்றி நீங்களும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், மறந்துபோக மாட்டார்கள். பட்டியலிலிருந்து பெயரையே தூக்கிவிட்டு வேறு நாட்டுக்குத் தாவினால், அதையும் மறக்க மாட்டார்கள்.

மூன்றாவது கேள்வி, எங்கிருந்து தொடங்குவது. விற்பனைப் பிரதிநிதியிடமிருந்து. பெரிய டிஸ்ட்ரிபியூட்டரின் பிரதிநிதிக்கு நீங்கள் மலைமேல் இருக்கும் ஒரு தொலைதூரக் கணக்கு. உங்கள் ஊருக்கு வண்டி வாரம் ஒரு முறைதான் வரும், அதற்கும் குறைந்தபட்ச ஆர்டர் உண்டு. ஆகவே பத்துக் கம்பெனியிடம் ஒவ்வொரு பெட்டி வாங்குவதைவிட மூன்று கம்பெனியிடம் ஒழுங்காக வாங்குவது மேல். சாம்பிள் பை எடுத்துக்கொண்டு வருகிறவரை மதிய நெரிசலில் நிற்க வைக்காமல், நேரம் குறித்துக் கூப்பிட்டு உட்கார வைத்து ருசி பாருங்கள். வேண்டாம் என்றால் அப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்" என்று இழுத்தால் அவருக்கு நேரம் வீண். பணத்தைக் கெடுவுக்கு முன்னால் கட்டுங்கள். கேட்கவே சலிப்பாக இருக்கும் அறிவுரைதான். ஆனால் அரிய ஒயினைப் பிரிக்கும் நாளில் கையில் பட்டியலோடு உட்கார்ந்து "இவருக்கு மூன்று, அவருக்கு ஆறு" என்று குறிப்பவர் அந்தப் பிரதிநிதியும் அவருடைய மேலாளரும்தான். இத்தாலிக்காரருக்கு உங்களைப் பிடித்திருந்தாலும் இவர்கள் குறிக்காமல் பாட்டில் உங்கள் ஊருக்கு வராது.

கொலராடோவில் யாருமே கொண்டுவராத ஒரு தயாரிப்பாளரைப் பயணத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் இரண்டு வழி. அவருக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே இறக்குமதியாளர் இருந்தால், உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரிடம் "வருஷத்துக்கு இத்தனை பெட்டி எடுக்கிறேன்" என்று எழுத்தில் கொடுத்து வரவழைக்கச் சொல்லலாம். இறக்குமதியாளரே இல்லையென்றால், லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு தன் பெயரில் இறக்கித் தருவார், டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக உங்களுக்கு வரும். லேபிள் அனுமதி, மற்றவர் சரக்கோடு சேர்த்து கன்டெய்னரில் இடம், கடல் பயணம் என்று மூன்று நான்கு மாதம் ஆகும். முதல் வருஷத்தில் இந்த வேலைக்குப் போகாதீர்கள். சொன்ன பெட்டியை எடுக்க முடியாமல் போனால் டிஸ்ட்ரிபியூட்டர் கிடங்கில் அது உங்கள் பெயர் சொல்லிக்கொண்டு தூசி படியும்.

கடைசியாக ஒன்று, பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது. உறவு கடையின் பெயரில் இருக்க வேண்டும், ஒயின் பார்த்துக்கொள்ளும் ஒரு ஆளின் பெயரில் மட்டும் இருக்கக் கூடாது. சின்ன ஊரில் நல்ல சோமெலியே, அதாவது ஒயின் நிபுணர், கிடைப்பதே கஷ்டம். கிடைத்தவரும் இரண்டு வருஷத்தில் டென்வருக்கோ கலிஃபோர்னியாவின் ஒயின் பகுதியான நாப்பாவுக்கோ போய்விடுவார். போகும்போது தன் போனில் உள்ள இத்தாலி எண்களையும் கொண்டுபோய்விடுவார். அதனால் பயணத்துக்கு ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள். முதலாளிகளில் ஒருவரும் சமையலறையிலிருந்து ஒருவரும் சேர்ந்து போகட்டும். தயாரிப்பாளர் வீட்டுச் சமையலறையில் சாப்பிட்டு வந்த சமையல்காரர் திரும்பி வந்து செய்யும் ஒரு தட்டு, அந்த ஒயினுக்கு நீங்கள் எழுதும் எந்தக் குறிப்பையும்விட நன்றாக விற்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் வருஷம் இப்படி ஓட்டுவேன்: ஒரே பகுதி, அதில் மூன்று தயாரிப்பாளர், அவர்களின் சாதாரண ஒயின் மூன்றும் கிளாஸ் பட்டியலில். விலை உயர்ந்தவற்றைக் கேட்கவே மாட்டேன். வருஷம் முழுக்க அந்த மூன்றும் தீராமல் பார்த்துக்கொள்வேன். ஏனென்றால் "சரக்கு தீர்ந்துவிட்டது" என்று நடுவில் வேறொன்றை மாற்றினால் அங்கே கணக்கு தடம் புரண்டுவிடும். ஜனவரியில் ஒரு வாரம் கடையைச் சாத்திவிட்டு அந்த மூன்று வீட்டுக்கு மட்டும் போய்வருவேன். எந்தப் பகுதி என்று கேட்டால், உங்கள் ஊர்க் குளிருக்கும் சமையலுக்கும் பியெட்மாண்ட் பொருந்தும். ஆனால் அங்கே கூட்டம் அதிகம். அப்ருட்ஸோ, மார்க்கே, கம்பானியா பக்கம் பார்க்கலாம். மார்க்கேயின் வெர்திக்கியோவும் கம்பானியாவின் ஃபியானோவும், இரண்டும் வெள்ளை ஒயின், அமெரிக்காவில் இன்னும் தகுதிக்குக் குறைந்த விலையில்தான் கிடைக்கின்றன. அங்கேயுள்ள நல்ல தோட்டக்காரர்களிடம் இன்றைக்கும் போன் செய்தால் அவர்களே எடுப்பார்கள்.